மூன்றாவது மணி நேரம் வரை பொறுங்கள்: வெயில் காலத்துக்கு ஒரு பெர்ஃப்யூமைத் தேர்ந்தெடுப்பது எப்படி

கையில் பெர்ஃப்யூம் தெளித்த இரண்டு பேப்பர் பட்டைகள். இரண்டிலும் முன்னால் பழ வாசனை, பின்னால் பூ வாசனை. மாற்றி மாற்றி முகர்ந்து பார்க்கிறீர்கள். ஒன்றில் கொஞ்சம் குளிர்ச்சி, இன்னொன்றில் கொஞ்சம் இனிப்பு. இரண்டுமே பிடித்திருக்கிறது, ஆனால் ஒன்றைத்தான் வாங்கப் போகிறீர்கள். பெர்ஃப்யூமுக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் திகைத்து நிற்பது இந்த இடத்தில்தான். பழமும் பூவும் கலந்த வகைக்கு முதல் முகர்விலேயே மனதைப் பிடித்துக்கொள்ளும் குணம் உண்டு.

நான் வாங்கிய முதல் குப்பியை ஐந்தே நிமிடத்தில் முடிவு செய்தேன். பேரிக்காயை அப்போதுதான் கடித்த மாதிரி ஒரு சாறு, அதற்குப் பின்னால் மெல்லிய பூ. ஏசி போட்ட அறையில் அதைவிட அழகான வாசனை வேறு இருக்க முடியாது என்று தோன்றியது. நல்ல வெயில் நாளில் போட்டுக்கொண்டு வெளியே போனேன். அரை மணி நேரத்தில் பேரிக்காய் போய்விட்டது. மிஞ்சியது பாகு போல ஒட்டிக்கொள்ளும் ஒரு இனிப்பு. மதியத்துக்குள் தலை வலித்தது. கழுவினாலும் போகவில்லை. அந்தக் குப்பியில் பெர்ஃப்யூம் சரியில்லை என்று சொல்ல மாட்டேன். குளிர்காலத்தில் போட்டிருந்தால் எனக்கே பிடித்திருக்கும். நான் வாங்கிய முறைதான் தப்பு: சில நிமிடங்களில் பறந்துவிடும் பழத்தைப் பார்த்து வாங்கினேன், நாள் முழுக்க கூடவே இருக்கப்போவதைப் பார்க்கவில்லை.

அதனால் இந்தக் கட்டுரையில் நான் அழுத்திச் சொல்லப்போவது ஒன்றுதான். இரண்டில் எது என்ற முடிவை உங்கள் தோலில், நிஜமான வெப்பத்தில், மூன்றாவது மணி நேரத்தில் எடுங்கள். அதற்கு எப்படித் தயாராவது, எதைக் கவனிப்பது என்று வரிசையாகப் பார்க்கலாம்.

குப்பிக்குள் இருக்கும் பழமும் பூவும்

பழ வாசனை என்றால் பழத்தைப் பிழிந்து எடுத்தது என்று பலரும் நினைக்கிறார்கள். எலுமிச்சை, ஆரஞ்சு, பெர்கமாட் போன்ற சிட்ரஸ் வகைகளில் அது உண்மைதான். தோலை நசுக்கி எண்ணெய் எடுக்கிறார்கள். ஆனால் பீச், ஆப்பிள், பேரிக்காய், ஸ்ட்ராபெரி, லிச்சி என்று பெட்டியில் எழுதியிருப்பதெல்லாம் பெரும்பாலும் ஆய்வகத்தில் மூலக்கூறுகளை வைத்துக் கட்டிய மணம். பீச்சுக்குப் பேர்போனது காமா-அன்டெகாலாக்டோன் என்ற மூலக்கூறு. தொழிலில் இதற்கு ஆல்டிஹைட் சி-14 என்று ஒரு பழைய பெயர் உண்டு. அது ஆல்டிஹைட் என்ற வேதிப்பொருள் வகையும் அல்ல, அதில் 14 கார்பனும் கிடையாது, 11தான். ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டது. 1919இல் வந்த கெர்லான் நிறுவனத்தின் மிட்சுகோ என்ற பெர்ஃப்யூமில் மணக்கும் பீச் இதுதான். அதாவது பெர்ஃப்யூமில் பழம் என்பது நேற்று வந்த பழக்கம் அல்ல, நூறு வயது தாண்டிய கலை.

பூவிலும் இதே கதை பாதிக்குப் பாதி. ரோஜா, மல்லிகை, நிலசம்பங்கி ஆகியவற்றிலிருந்து நிஜமாகவே வாசனைச் சாரம் எடுக்க முடியும். பியோனி, லில்லி ஆஃப் த வேலி போன்ற பூக்கள் வாணிபத்துக்கு உதவும்படி எண்ணெய் தருவதில்லை. அவற்றையும் கட்டித்தான் ஆக வேண்டும்.

பழமும் பூவும் ஏன் இவ்வளவு அழகாகச் சேர்கின்றன என்பதற்கு வேதியியலிலேயே பதில் இருக்கிறது. இரண்டும் ஏற்கெனவே உறவுக்காரர்கள். ரோஜா எண்ணெயில் மிகமிகச் சிறிய அளவில் டமாசினோன் என்ற பொருள் இருக்கிறது. அதைத் தனியாக முகர்ந்தால் வேகவைத்த ஆப்பிள், பிளம் மாதிரி இருக்கும். ஆரஞ்சுப் பூவிலும் மல்லிகையிலும் இருக்கும் மெத்தில் ஆந்த்ரனிலேட்தான் திராட்சைச் சுவையூட்டிகளிலும் போடப்படுகிறது. ஆஸ்மாந்தஸ் என்ற பூ யாரும் எதுவும் சேர்க்காமலே ஆப்ரிகாட் பழம் போல மணக்கும். நல்ல பெர்ஃப்யூம் தயாரிப்பாளர் இந்த உறவைப் பிடித்துக்கொண்டு, பழம் எங்கே முடிகிறது, பூ எங்கே தொடங்குகிறது என்று தெரியாதபடி தைத்துவிடுவார். சுமாரான வேலையில் அந்தத் தையல் தெரியும்: பழம் போனதும் சட்டென்று ஒரு பள்ளம், பிறகு வேறு ஏதோ ஒரு வாசனை. இரண்டு குப்பிகளை ஒப்பிடும்போது இந்தத் தையலைத் தேடிப் பாருங்கள். எனக்கு இது முக்கியமான அளவுகோல்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். எல்லாப் பழமும் ஒரே வேகத்தில் பறப்பதில்லை. சிட்ரஸ், பேரிக்காய், பச்சை ஆப்பிள் இவற்றின் மணத்தைத் தரும் மூலக்கூறுகள் லேசானவை. முதல் 15, 20 நிமிடங்களில் பெரும்பகுதி போய்விடும். பீச், ஆப்ரிகாட், தேங்காய் போல மணக்கும் லாக்டோன்கள் கனமானவை, மணிக்கணக்கில் நிற்கும். ராஸ்பெரிக்கும் நீண்ட ஆயுள். ஆகவே பெட்டியில் எந்தப் பழம் எழுதியிருக்கிறது என்பதை வைத்தே ஓரளவு கணிக்கலாம். பேரிக்காய் என்றால் சீக்கிரம் விடைபெறும் விருந்தாளி, பீச் என்றால் இரவு தங்கிப் போகிற விருந்தாளி.

வெப்பம் என்ன செய்கிறது

பெர்ஃப்யூம் மணப்பதே ஆவியாவதால்தான். வெப்பம் கூடினால் ஆவியாகும் வேகம் கூடும். இரண்டு விளைவுகள்: வாசனை உங்களைச் சுற்றிப் பெரிதாக விரியும், சீக்கிரம் தீர்ந்தும் போகும். லேசான பொருள்கள் முதலில் ஓடிவிடுவதால், வழக்கமாக இரண்டு மணி நேரம் கழித்து வரவேண்டிய கடைசி வாசனை, அதாவது அடிப்பகுதி, ஒரு மணி நேரத்திலேயே வந்து நிற்கலாம்.

அந்த அடிப்பகுதியில் என்ன இருக்கிறது என்பதுதான் வெயில் கால பெர்ஃப்யூமின் தலையெழுத்து. எத்தில் மால்டால் என்று ஒரு பொருள், பஞ்சுமிட்டாய் வாசனை தருவது. 1992இல் தியரி மூக்லர் நிறுவனத்தின் ஏஞ்சல் என்ற பெர்ஃப்யூம் இதைத் தாராளமாகப் போட்டு ஒரு காலத்தையே மாற்றியது. அதற்குப் பிறகு வந்த பழ-மலர் பெர்ஃப்யூம்கள் பலவற்றில் இது கொஞ்சமாவது இருக்கும். குளிரில் போர்வை மாதிரி சுகமாக இருக்கும் இந்த இனிப்பு வெயிலில் திகட்டிவிடும். வனிலாவும் அப்படித்தான்.

வெள்ளைப் பூக்களிடமும் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். மல்லிகை, நிலசம்பங்கி, ஆரஞ்சுப் பூ இவற்றில் இயற்கையாகவே இண்டோல் என்ற பொருள் இருக்கிறது. தனியாக, அடர்த்தியாக முகர்ந்தால் அந்துருண்டை நெடி. மிகக் குறைந்த அளவில் அதுதான் பூவுக்கு உயிர் தருகிறது. அது இல்லாத மல்லிகை சோப்பு மாதிரி ஆகிவிடும். ஆனால் வியர்வையோடு சேர்ந்தால் இண்டோல் தூக்கலாகத் தெரியும். சிலருக்கு அது அழகு, சிலருக்கு அழுக்கு. இதில் சரி, தப்பு கிடையாது. நீங்கள் எந்தக் கட்சி என்று உங்கள் தோல்தான் சொல்ல வேண்டும்.

வெயிலில் நன்றாக நடந்துகொள்ளும் பொருள்களும் இருக்கின்றன. ஹெடியோன் என்ற மூலக்கூறு மல்லிகையின் காற்றோட்டமான பக்கத்தை மட்டும் தரும். 1966இல் டியோர் நிறுவனத்தின் ஓ சவாஜ் என்ற பெர்ஃப்யூம் வழியாகப் புகழ்பெற்றது, இன்று பெரும்பாலான லேசான பூ பெர்ஃப்யூம்களில் இருக்கிறது. அதோடு தேயிலை, இலை, நீர் போன்ற பச்சை மணங்கள், சுத்தமான துணி போல மணக்கும் வெள்ளை மஸ்க், லேசான சிடார் மரம். கீழே இவையெல்லாம் இருந்தால் மேலே எந்தப் பழம் இருந்தாலும் பெரும்பாலும் பயமில்லை.

பெட்டியைப் படியுங்கள்

முகர்ந்து பார்ப்பதற்கு முன்னால் இரண்டு பெட்டிகளிலும் என்ன வகை என்று போட்டிருக்கிறது எனப் பாருங்கள். ஓ டி கொலோன் என்றால் வாசனைப் பொருள் சுமார் 2 முதல் 5 சதவீதம், ஓ டி டாய்லெட் 5 முதல் 15, ஓ டி பர்ஃபூம் 15 முதல் 20, வெறும் பர்ஃபூம் என்றால் அதற்கும் மேல். இவை தொழில் வழக்கம்தான், சட்டம் அல்ல. ஒரு நிறுவனத்தின் டாய்லெட் இன்னொரு நிறுவனத்தின் பர்ஃபூமைவிட நீண்ட நேரம் நிற்பதும் உண்டு. இருந்தாலும் ஒன்றின் டாய்லெட்டையும் மற்றொன்றின் பர்ஃபூமையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் முடிவு ஒருபக்கமாகத்தான் வரும். முடிந்தவரை ஒரே வகையை எடுங்கள்.

பெயரையும் கடைசி எழுத்து வரை படியுங்கள். ஒரே பெயருக்குப் பின்னால் ஒரு சொல்லை மட்டும் மாற்றி, முற்றிலும் வேறு வாசனையை விற்பது இந்தத் தொழிலில் சாதாரணம். பழைய விமர்சனங்களை நம்புவதிலும் கவனம் தேவை. லிலியால் என்ற பொருள் லில்லி ஆஃப் த வேலி வாசனைக்காகப் பல ஆண்டுகள் பரவலாகப் பயன்பட்டது. 2022 மார்ச் 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் அதை அழகுசாதனப் பொருள்களில் தடைசெய்தது. அதைப் போட்டுக்கொண்டிருந்த பெர்ஃப்யூம்களை அங்கே தொடர்ந்து விற்க வேண்டுமானால் கலவையை மாற்றியாக வேண்டும். பத்து வருடங்களுக்கு முன் ஒருவர் உருகி எழுதிய குப்பியும் இன்று உங்கள் கையில் இருக்கும் குப்பியும் ஒன்றாக இல்லாமல் போகலாம்.

பேப்பரில் முகர்வது

பேப்பர் பட்டை முடிவெடுக்க அல்ல, வேண்டாததைக் கழிக்க. பட்டை அறை வெப்பத்தில் இருக்கிறது, உங்கள் தோலின் மேற்பரப்போ சாதாரண நாளிலேயே 33 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். அதில் ஈரம் உண்டு, எண்ணெய்ப் பசை உண்டு. பட்டையில் இதெல்லாம் இல்லை.

தெளித்ததும் மூக்கருகே கொண்டுபோகாதீர்கள். அப்போது வருவது ஆல்கஹால் நெடி. அரை நிமிடம் விடுங்கள். பட்டையின் மறுமுனையில் பெயரைப் பேனாவால் எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் பத்து நிமிடத்தில் எது எது என்று குழம்பிவிடும். ஒரே நேரத்தில் மூன்று, நான்குக்கு மேல் முகர்ந்தால் மூக்கு ஒத்துழைக்காது. நடுவில் காப்பிக்கொட்டையை முகர்ந்தால் மூக்கு தெளியும் என்பார்கள். சாதாரணக் காற்றைவிட அதில் பெரிய பலன் இல்லை. கொஞ்சம் தள்ளி நின்று மூச்சு விட்டுக்கொள்ளலாம், இல்லை உங்கள் சட்டையின் முழங்கைப் பகுதியை முகரலாம். பழகிய வாசனை அது, மூக்கு அங்கே இளைப்பாறும்.

பட்டைகளை வீட்டுக்கு எடுத்துப்போங்கள், ஆனால் ஒரே பைக்குள் ஒன்றாகத் திணிக்க வேண்டாம். தனித்தனி உறையில் போட்டு மறுநாள் காலை முகர்ந்து பாருங்கள். அப்போது பட்டையில் மிச்சமிருப்பது அடிப்பகுதி மட்டும். அது மட்டும் தனியாக உங்களுக்குப் பிடித்திருக்கிறதா? இல்லையென்றால் அந்தக் குப்பியை இங்கேயே விட்டுவிடலாம்.

தோலில், ஒரு கைக்கு ஒன்று

இதுதான் முழு வேலையின் நடுமையம். வெளியே போக வேண்டிய, நன்றாக வெயில் அடிக்கிற ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். காலையில் வாசனை இல்லாத சோப்பில் குளியுங்கள். அன்று டியோடரன்ட், வாசனை லோஷன், தலைக்கு மணக்கும் எண்ணெய் எதுவும் வேண்டாம். தோல் வறண்டதாக இருந்தால் வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் தடவிக்கொள்ளலாம். வறண்ட தோலில் பெர்ஃப்யூம் சீக்கிரம் மங்கிவிடும்.

இடது கையில் ஒன்று, வலது கையில் மற்றொன்று. மணிக்கட்டில் தெளிக்கச் சொல்வார்கள். நான் முழங்கையின் உள்மடிப்புக்குக் கொஞ்சம் கீழே தெளிக்கச் சொல்வேன். கை கழுவினாலும் அது அழியாது, கைக்கடிகாரத்தின் வார் வாசனை கலக்காது. 15 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து ஒரே ஒரு முறை தெளியுங்கள். தேய்க்க வேண்டாம், தானாகக் காயட்டும். எந்தக் கையில் எது என்று ஃபோனில் குறித்துக்கொள்ளுங்கள். மறக்காது என்று நினைப்போம், மறந்துவிடும்.

அப்புறம் உங்கள் வேலையைப் பாருங்கள். நடங்கள், வியர்க்கட்டும், நிழலுக்கு வாருங்கள், மறுபடி வெயிலுக்குப் போங்கள். பத்தாவது நிமிடத்தில் ஒரு முறை, ஒரு மணி நேரத்தில் ஒரு முறை, மூன்று மணி நேரத்தில் ஒரு முறை, ஐந்து மணி நேரத்தில் ஒரு முறை முகர்ந்து, வந்த முதல் சொல்லை அப்படியே எழுதுங்கள். அழகாக எழுத வேண்டியதில்லை. என் பழைய குறிப்பு ஒன்று இப்படி இருக்கிறது: "இடது: 10 நிமிடம், திராட்சைப்பழத் தோல், ஜில். 1 மணி, தண்ணீரில் நின்ற பூங்கொத்து. 3 மணி, துவைத்துக் காயவைத்த துணி. 5 மணி, தோலோடு தோலாக, லேசாக. வலது: 10 நிமிடம், பீச், வாயில் எச்சில் ஊறுகிறது. 1 மணி, பீச் ஜாம். 3 மணி, ஜாம், கழுத்துக்குள் ஒட்டுகிறது. 5 மணி, இன்னும் ஜாம்." படித்ததும் எதை வாங்க வேண்டும் என்று எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஆனால் பத்தாவது நிமிடத்தில் மட்டும் கேட்டிருந்தால் வலது கையைத்தான் காட்டியிருப்பேன்.

கையை மூக்கில் ஒட்டி மட்டும் முகராதீர்கள். உங்களைச் சுற்றி இருக்கிறவர்களுக்கு வருவது காற்றில் மிதந்து வரும் வாசனை. நடக்கும்போது கையை வீசி, தானாக வந்து சேர்கிறதா என்று பாருங்கள். சில பெர்ஃப்யூம்கள் கிட்டத்தில் கரடுமுரடாகவும் ஓர் அடி தள்ளி அற்புதமாகவும் இருக்கும். அதற்கு நேர்மாறானவையும் உண்டு.

வேறொரு நாளில் கைகளை மாற்றி இதையே ஒரு முறை செய்யுங்கள். ஒரு கை அதிகம் வெயில் பட்டிருக்கலாம், ஜன்னல் பக்கம் இருந்திருக்கலாம். இரண்டு நாளும் ஒரே கருத்து வந்தால் அது நம்பத்தக்க கருத்து.

ஒரு ஜோடியை எடுத்துப் பார்ப்போம்

இந்த வகையில் நன்கு தெரிந்த இரண்டை எடுக்கிறேன். ஒன்று வெர்சாச்சேயின் பிரைட் கிறிஸ்டல், 2006இல் வந்தது, அல்பெர்த்தோ மொரியாஸ் கட்டியது. மற்றொன்று ஷனேலின் ஷான்ஸ் ஓ டான்ட்ர், 2010, ஜாக் போல்ஜ் கட்டியது. இரண்டும் ஓ டி டாய்லெட், இரண்டும் இளஞ்சிவப்புக் குப்பி, இரண்டுமே பழமும் பூவும். புதிதாக வருகிறவர் இந்த இரண்டுக்கும் நடுவில் தடுமாறினால் அதில் ஆச்சரியமில்லை.

பிரைட் கிறிஸ்டலின் பட்டியல்: யுசு, மாதுளை; நடுவில் பியோனி, தாமரை, மேக்னோலியா; அடியில் மஸ்க், ஆம்பர், மஹோகனி மரம். யுசு என்பது சிட்ரஸ், சீக்கிரம் போகும். பியோனியும் தாமரையும் கட்டி எழுப்பிய பூக்கள், நீர்ப்பாங்கானவை, இண்டோல் பயம் இல்லை. ஆக இது ஆரம்பத்தில் புளிப்பும் இனிப்பும் கலந்த பளிச்சென்ற முகம், பிறகு கண்ணாடி மாதிரி தெளிவான பூ, கடைசியில் மஸ்க். வெயிலில் திகட்டாது. ஆனால் எனக்கு அதன் நடுப்பகுதி கொஞ்சம் கூர்மையாக, ஷாம்பு பக்கம் சாய்வதாகத் தெரியும்.

ஓ டான்ட்ரின் பட்டியல்: கிரேப்ஃப்ரூட், குவின்ஸ், நடுவில் ஹயசின்த், மல்லிகை, அடியில் வெள்ளை மஸ்க், ஐரிஸ், சிடார். குவின்ஸ் பழத்தின் மணம் ஆப்பிளுக்கும் பேரிக்காய்க்கும் நடுவில் எங்கோ நிற்கும், அதிலேயே ஒரு பூவின் சாயல் உண்டு. அதனால் முன்னால் சொன்ன தையல் இதில் எனக்குக் கிட்டத்தட்டத் தெரிவதே இல்லை. பழம் மெதுவாகப் பூவாகிறது. அடியில் ஐரிஸ் ஒரு பவுடர் தன்மை தருகிறது. நல்ல வெயிலில் அந்தப் பவுடர் சிலருக்கு இதமாக இருக்கும், வியர்வை அதிகம் உள்ளவர்களுக்கு மூச்சடைப்பது போலவும் இருக்கும்.

நேரான வெயில், அதிக நடை என்றால் நான் பிரைட் கிறிஸ்டலைக் கையில் எடுப்பேன். வெயில் காலம்தான், ஆனால் பெரும்பாலும் அறைக்குள் என்றால் ஓ டான்ட்ர். அழகு என்று மட்டும் கேட்டால் எனக்கு இரண்டாவதுதான். பெட்டியைப் படியுங்கள் என்றேனே, அதற்கும் இதுவே உதாரணம்: ஓ டான்ட்ரின் ஓ டி பர்ஃபூம் 2019இல் தனியாக வந்தது. ஜாக்கின் மகன் ஒலிவியே போல்ஜ் ரோஜாவையும் மல்லிகையையும் கூட்டி அதைச் செய்தார். குப்பி கிட்டத்தட்ட அதே, பெயரும் அதே. பூ இன்னும் அடர்த்தி. டாய்லெட்டைச் சோதித்துவிட்டு பர்ஃபூமை வாங்கி வந்தால் நீங்கள் தேர்ந்தெடுத்தது வேறு, வாங்கியது வேறு.

இன்னொருவர் மூக்கு

உங்கள் மூக்கு உங்களையே ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. தொடர்ந்து வரும் வாசனையை மூளை சில நிமிடங்களிலேயே கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். "ஒரு மணி நேரத்தில் போய்விட்டது" என்று பலர் சொல்வது உண்மையில் பழகிப்போனதுதான். மஸ்க் விஷயத்தில் இன்னும் ஒரு படி மேலே. சில மஸ்க் மூலக்கூறுகள் சிலருக்குப் பிறவியிலேயே தெரியாது. ஒரு மஸ்க் தெரியாதவருக்கு வேறொரு மஸ்க் தெளிவாகத் தெரியும். இரண்டில் ஒன்று உங்களுக்கு வெறுமையாகத் தோன்றினால், அதன் அடிப்பகுதி உங்கள் மூக்குக்குப் பிடிபடாத மஸ்காக இருக்கலாம்.

ஆகவே மூன்றாவது மணி நேரத்தில், ஒளிவுமறைவில்லாமல் பேசும் ஒருவரிடம் கேளுங்கள். "எது நல்லா இருக்கு?" என்று கேட்காதீர்கள். கை நீட்டும் தூரத்தில் நிறுத்தி, "ஏதாவது வாசனை வருதா? எந்தக் கையிலிருந்து?" என்று கேளுங்கள். வருகிறது என்றால் அடுத்த கேள்வி: "பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார முடியுமா?" வெயிலில் நெருக்கமாக இருக்கும்போது இந்தக் கேள்விக்குத்தான் மதிப்பு.

முழு நாள், ஒன்று மட்டும்

கைச் சோதனையில் இரண்டுமே தேறினால், ஒரு மில்லி அல்லது இரண்டு மில்லி சாம்பிள் வாங்கி ஒவ்வொன்றையும் ஒரு நாள் முழுதாகப் போட்டுப் பாருங்கள். வெயில் நாளில் இரண்டு ஸ்ப்ரே போதும், மூன்றே அதிகம். கழுத்தின் பின்புறம் ஒன்று, மார்பில் சட்டைக்குள் ஒன்று. கழுத்தின் முன்புறம் தெளித்தால் வாசனை நேராக மூக்குக்கே ஏறிக்கொண்டிருக்கும், சீக்கிரம் சலித்துவிடும்.

மாலையில் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது அதை ஒரு முறை முகர்ந்து பாருங்கள். பெர்ஃப்யூமும் உங்கள் வியர்வையும் வெயிலும் சேர்ந்து கடைசியில் என்னவாயின என்று அந்தத் துணி சொல்லும். சில பெர்ஃப்யூம்கள் அந்த நேரத்தில்கூட முகத்தைப் புதைக்கலாம் போல இருக்கும். அப்படி ஒன்று கிடைத்தால் தேடலை நிறுத்திவிடலாம்.

அப்படியும் சமமாக நின்றால், உங்களிடம் ஏற்கெனவே இருப்பதைப் பாருங்கள். இனிப்பு வகை ஒன்று அலமாரியில் இருந்தால் குளிர்ச்சியானதை எடுங்கள். இரண்டுமே மூன்றாவது மணி நேரத்தில் சுமார்தான் என்றால் இரண்டையும் விட்டுவிடுங்கள். இவ்வளவு நேரம் செலவழித்தோமே என்பதற்காக ஒன்றை வாங்க வேண்டியதில்லை.

அளவு என்று வந்தால் சின்னக் குப்பி. ஒரு ஸ்ப்ரே என்பது சுமார் 0.1 மில்லி. 30 மில்லி குப்பியில் ஏறக்குறைய 300 ஸ்ப்ரே இருக்கும். ஒரு நாளைக்கு இரண்டு என்றால் 150 நாள், ஒரு முழு வெயில் காலத்துக்கும் மேலே. 100 மில்லி மலிவாகத் தெரியும், ஆனால் பாதியில் மனம் மாறினால் அந்தக் கணக்கு உதவாது.

வாங்கிய பிறகு

தோல் சுலபமாக ஒவ்வாமை காட்டும் என்றால் பெட்டியின் பின்புறம் லிமோனீன், லினலூல், ஜெரானியால், சிட்ரல் போன்ற பெயர்களைப் பாருங்கள். இவை பழ-மலர் வகையில் மிகச் சாதாரணம், பெரும்பாலோருக்கு ஒன்றும் செய்யாது. முன்பு ஏதாவது ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்திருந்தால் மட்டும் கவனமாக இருங்கள். நேரடி வெயில் படப்போகிற தோலில் தெளிப்பதைத் தவிர்ப்பதும் நல்லது. பெர்கமாட் போன்ற சில சிட்ரஸ் எண்ணெய்களில் உள்ள பெர்காப்டன் என்ற பொருள் வெயிலோடு சேர்ந்தால் தோலில் கருந்திட்டுகளை உண்டாக்கும். இன்று அதை நீக்கியோ அளவைக் கட்டுப்படுத்தியோதான் பயன்படுத்துகிறார்கள். இருந்தாலும் துணிக்குள் இருக்கும் தோலில் தெளித்தால் அந்தக் கவலையே இல்லை. துணியிலேயே தெளிக்கலாம், வெள்ளைப் பட்டு போன்றவற்றில் வேண்டாம், கறை நிற்கலாம்.

குப்பியைக் குளியலறையிலோ, ஜன்னலோரத்திலோ, காருக்குள்ளோ வைக்காதீர்கள். வெளிச்சமும் சூடும் முதலில் தின்பது மேலே இருக்கும் பழத்தைத்தான். அது வந்த அட்டைப் பெட்டியிலேயே போட்டு, இருட்டான அலமாரியின் கீழ்த்தட்டில் வையுங்கள். வெயில் காலம் முடிந்து அடுத்த வருடம் எடுக்கும்போது முதல் ஸ்ப்ரேயை பேப்பரில் போட்டுப் பாருங்கள். முதல் நிமிடத்தில் பழம் இருக்க வேண்டிய இடத்தில் நெயில் பாலிஷ் மாதிரி ஒரு நெடி அடித்தால் மேல்பகுதி கெட்டுவிட்டது என்று பொருள். ஐந்து நிமிடம் பொறுங்கள். பூ பழையபடி வந்துவிட்டால், தோலில் உறுத்தல் எதுவும் இல்லையென்றால், அந்தக் குப்பியை இன்னும் போடலாம்.